ஊருணியைத் தூர்வார ஐ.நா. வர வேண்டாம்!

'பருவநிலை மாற்றம்' என்று டி.வி-யில் யாராவது ஆரம்பித்தால், என் மாமியார் சேனலை மாற்றிவிடுவார். 'கிணத்துத் தண்ணி கரிக்குது' என்றால் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார். இரண்டுக்கும் சொந்தம் உண்டு என்பது, ராமநாதபுரம் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கடல் மட்டம் உயர உயர, நாமும் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, உப்புநீர் ஊருக்குள் வருகிறது.

கடலின் பலம் பற்றி எங்கள் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததற்குக் கொடுத்த விலை அது. மிச்சமிருந்த பவளங்களிலும் பல, 2016-ல் கடல் சூடேறியபோது வெளுத்துப்போயின.

'இதுக்கு நம்ம ஊராட்சி என்ன செய்யப்போகுது?' என்று கிராம சபையில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். "அதெல்லாம் டெல்லி பார்த்துக்கும் தாயி" என்றார் ஒரு பெரியவர்.

டெல்லிக்காகக் காத்திருக்காத ஊர்களும் இருக்கின்றன. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை அமைத்தது. ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அவ்வளவு தூரம் ஏன்? இதோ, பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள், 'மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவோம்' என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே! அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் 'சீகாலஜி' என்ற சர்வதேச விருது கிடைத்தது.

ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியல் சட்டம் 29 துறைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குடிநீர், சிறுபாசனம், சமூகக் காடுகள், மரபுசாரா எரிசக்தி எல்லாம் அதில் உண்டு. ஊருணியைத் தூர்வாரினால் மழைநீர் நிலத்தில் இறங்கி, உப்பைத் தள்ளி நிறுத்தும். சீமைக்கருவேலத்தை அகற்றிய இடத்தில் பனை விதை ஊன்றினால் மண் நிற்கும். குப்பையைத் தரம் பிரித்தால் பிளாஸ்டிக் கடலுக்குப் போகாது. இதில் எதற்கும் ஐ.நா. சபை கூட வேண்டியதில்லை. கிராம சபை கூடினால் போதும்.

தமிழ்நாட்டில் அது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் 'மழைக்கு முன் ஊருணியைத் தூர்வார வேண்டும்' என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டது. வேலை இன்னும் தொடங்கவில்லை. தீர்மான நகல் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுதான்!