யார் கையில் இருந்தது?

பழைய பேஸ்பால் அட்டை ஒன்று ஏலத்துக்கு வந்தால் அதன் முகத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். கூடவே வந்திருக்கும் காகிதங்கள் முதலில், பிறகு ஓரங்கள், பின்பக்கம். ஏலப் பட்டியலுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. எந்த ஆண்டு அச்சானது, எந்தச் சிகரெட்டோடு வந்தது என்பதெல்லாம் புத்தகத்தைப் புரட்டினால் கிடைத்துவிடும். இத்தனை காலம் அது யாரிடம் இருந்தது என்பதற்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சிறு அட்டைகளைச் செருகி விற்றது. அந்த வரிசையை ‘டி206’ என்கிறோம். அந்த எண்ணைக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் அங்கேயே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963-இல் இறந்தார். எங்கள் தொழிலுக்கே தகப்பன் மாதிரி. ஆனால் அவர் ஒட்டிய அட்டை ஏதேனும் சந்தைக்கு வந்தால் பசைக்கறைக்காகவே விலை விழும்.

இந்தத் தொழிலின் வினோதமே இதுதான். முன்பு வைத்திருந்தவரின் தடம் அட்டையின் மேல் தெரிந்தால் விலை இறங்குகிறது. கூட வரும் காகிதத்தில் தெரிந்தால் ஏறுகிறது. ஒரு பையன் பின்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தாலும், ரப்பர் பேண்டு போட்டு ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் தரமிடும் நிறுவனங்கள் இரக்கமே காட்டாது. (எனக்கு அந்தப் பையன்களைப் பிடிக்கும். அட்டையை வைத்து விளையாடியவர்கள் அவர்கள்தானே.)

காகிதத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறார்கள். அபூர்வமான அட்டையில் ஒரே ஒரு எண் கூடினால் லட்சக்கணக்கான டாலர் கூடும். மழுங்கிய மூலையை நூலளவு சீவிக் கூராக்கிவிடச் சிலருக்குக் கை அரிக்கும். லென்ஸில் வைத்துப் பார்த்தால் பழைய ஓரம் பழுப்பேறியிருக்கும், புதிதாக வெட்டிய ஓரம் வெளுத்திருக்கும். புற ஊதா விளக்கில் பிற்காலத்துக் காகிதம் நீலமாக ஒளிர்ந்து மறு அச்சைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அசல் அட்டையையே பல வருடங்களுக்கு முன்னால் கைதேர்ந்த ஒருவர் வெட்டியிருந்தால் விளக்கும் லென்ஸும் சில நேரம் கைவிரித்துவிடும்.

அப்போது நான் போவது பழைய ஏலப் பட்டியல்களிடம். அச்சுப்புள்ளி, கறை, மடிப்பு என்று ஒவ்வோர் அட்டைக்கும் தனி அடையாளம் உண்டு. முந்தைய விற்பனையின்போது எடுத்த படத்தில் இருந்த மடிப்பு இன்று காணவில்லை என்றால், நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கை மாறக் கை மாற அட்டைக்கு வயது கூடலாம், குறையக் கூடாது.

இதில் பெரிய பெயர்கள் உதவும் என்று நினைப்பவர்களுக்கு ஹோனஸ் வாக்னர் அட்டையின் கதையைச் சொல்வேன். டி206 வரிசையிலேயே மிகப் புகழ்பெற்றது அது. அதில் ஒரு பிரதியை வியாபாரி பில் மாஸ்ட்ரோ 1985-இல் 25,000 டாலருக்கு வாங்கி, 1987-இல் 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-இல் சாதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். பிஎஸ்ஏ என்ற தரமிடும் நிறுவனம் தன் முதல் சான்றிதழையே அதற்குக் கொடுத்து, தரம் 8 என்றது. 2007-இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கென் கெண்ட்ரிக் அதற்குக் கொடுத்த விலை 28 லட்சம் டாலர். இன்றும் அதற்குப் பெயர் ‘கிரெட்ஸ்கி வாக்னர்’தான்.

2013-இல் மாஸ்ட்ரோ வேறொரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரத்தை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். அதற்கு வெகு முன்பிருந்தே சந்தேகம் ஊரெல்லாம் உலவிக்கொண்டுதான் இருந்தது. கிரெட்ஸ்கிக்கு அந்த வெட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. என்றாலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டதும் எல்லார் பேச்சும் 1991-லிருந்தே தொடங்கியது. கேட்க வேண்டிய கேள்வியோ 1985-ஐப் பற்றியது. புகழுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அது அவரவர் ஆசை. அதை நம்பகத்தன்மைக்குக் கொடுத்த விலை என்று அவர்கள் எண்ணிக்கொள்வதுதான் சிக்கல்.

நம்பகத்தன்மையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர் பேர் தெரியாதவர்கள். 2012-இல் ஒஹாயோ மாநிலம் டிஃபையன்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஏறக்குறைய 700 அட்டைகள் கிடைத்தன. 1910 வாக்கில் அச்சான ‘இ98’ வரிசை. அந்தக் கால நட்சத்திரங்களான டை காப், சை யங், வாக்னர் எல்லாரும் இருந்தார்கள். வைத்திருந்தவர் இறைச்சிக்கடைக்காரர். நூறு வருடம் யார் விரலும் படாததால் மூலைகள் அப்படியே இருந்தன. பரணுக்கும் ஏல மேடைக்கும் நடுவே கத்தரிக்கோல் வைத்திருக்கும் ஆள் ஒருவரும் இல்லை. பிஎஸ்ஏ உறையிலேயே ‘பிளாக் ஸ்வாம்ப் ஃபைண்ட்’ என்று அந்தக் கண்டெடுப்பின் பெயரை அச்சிட்டார்கள். அந்தச் சொற்களுக்கு இன்றும் தனி மதிப்பு இருக்கிறது.

மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் அட்டை 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனதற்கும் இதே காரணம் பாதி. ஆலன் ரோசன் என்ற வியாபாரி 1980-களின் நடுவில் மாசசூசெட்ஸில் வாங்கிய புத்தம் புதுச் சரக்கில் இருந்து வந்த அட்டை அது. 1991-இல் அவரிடம் 50,000 டாலருக்கு வாங்கியவர் முப்பது வருடத்துக்கு மேல் விற்கவே இல்லை. 1991-க்குப் பிறகு ஒரே ஒரு கை. 9.5 என்ற தரத்தைச் சந்தை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் துணை.

மதிப்பை மொத்தமாகத் துடைத்துவிடும் உடைமையும் உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து பழைய பேஸ்பால் கடிதங்களும் படங்களும் திருடுபோயின. பல காலம் கழித்து, 2009-இல், அங்கிருந்து போனவையாகச் சந்தேகிக்கப்பட்ட பேஸ்பால் முன்னோடி ஹாரி ரைட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஏலத்துக்கு வந்து, எஃப்பிஐ விசாரணை வரை போயிற்று. அப்படிப்பட்ட பொருளில் நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால் நான் பேனாவை மூடிவிடுவேன்.

குடும்பங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தாத்தா வாக்னரிடமே கைகுலுக்கி வாங்கினார் என்ற கதை வேண்டாம். கதையைப் பட்டியலில் போட முடியாது. தாத்தாவின் ஆல்பம், அட்டைகள் கிடந்த சுருட்டுப் பெட்டி, காப்பீட்டுக்கு எழுதிய பட்டியல், மேசைமேல் அட்டைகள் பரப்பிக் கிடக்கும் பழைய புகைப்படம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பலர் அட்டைகளைத் துடைத்துப் புது பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருகிறார்கள். பெட்டி எங்கே என்று கேட்டால் குப்பையில் போட்டாயிற்று என்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் தொலைபேசியில் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுகிறேன்: எதையும் எடுக்காதீர்கள், இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே படம் எடுத்து அனுப்புங்கள், பெட்டியோடு கொண்டுவாருங்கள்.