மேற்பூச்சு

பொட்டு நெற்றியில் இருக்கிறது; பூ கூந்தலில் இருக்கிறது; தோடு காதில் இருக்கிறது. அணிந்தவளுக்கு இவற்றில் ஒன்றுமே தெரிவதில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும் சில நிமிடங்கள் போக, நாள் முழுவதும் அவை பிறர் பார்ப்பதற்காகவே அவள் உடலில் தங்கியிருக்கின்றன. கைவிரல் நகத்தின் கதை வேறு. அரிசி களைகையில், விடைத்தாள் திருத்துகையில், பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்கையில் அது அவள் கண்முன்னேயே இருக்கிறது. நகத்தில் செய்யப்படும் அலங்காரத்துக்கு முதல் பார்வையாளர் அதைச் செய்துகொண்டவரே. நகப்பூச்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழந்தமிழில் நகத்துக்கு உகிர் என்று பெயர். பொருநராற்றுப்படை, பாடினியைக் கூந்தல் தொடங்கிப் பாதம் வரை வருணித்துக்கொண்டு போகையில் அவளுடைய உகிரைக் கிளியின் வாய்க்கு ஒப்பிடுகிறது; அதன் ஒளியையும் மறக்காமல் சொல்கிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவியர் சிலர் தம் விரல்களைப் பார்த்துக்கொள்வார்கள். சிலப்பதிகாரக் கடலாடு காதையில், ஊடற்கோலத்தில் இருக்கும் கோவலன் உவக்கும்படி மாதவி ஒப்பனை செய்துகொள்கிறாள். அவளுடைய அடிகளுக்கு அலத்தகம் ஊட்டப்படுகிறது. அலத்தகம் என்பது செம்பஞ்சுக் குழம்பு. இரண்டு இடங்களிலும் பார்க்கும் கண் வேறொருவருடையது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என நம் மரபு வகுத்துக்கொண்ட வருணனை நெறி முழுவதும் வெளியே நிற்கும் ஒருவரின் பார்வை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ செய்யும் பயணம்தான். தன் நகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

நம் வீடுகளில் நகத்துக்கு நெடுங்காலமாக நிறம் தந்தது மருதாணி. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடுகிறது. தோலில் ஏறிய சிவப்பு ஓரிரு வாரத்தில் மங்கினாலும் நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளர்கிறது, அடியிலிருந்து நுனி வரை முழுதும் புதிதாக ஆறு மாதம் ஆகிறது. நகப்பூச்சு அவ்வாறு உள்ளே இறங்குவதில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாக அமர்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நிறமியும் பிசினும் வளைந்துகொடுக்கும் தன்மைக்கான பொருள்களும் சேர்த்திருப்பார்கள். கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலம் எஞ்சுகிறது. அந்த நைட்ரோசெல்லுலோஸ், பருத்தியையோ மரக்கூழையோ அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறப்படுவது. 1846-இல் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்த வெடிபஞ்சும், பழைய திரைப்படச் சுருள்களும் இதன் உறவினர்களே. அடுப்பருகில் நகப்பூச்சுக் குப்பியைத் திறக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அன்று செம்பஞ்சு, இன்று வெடிபஞ்சு. விரலை நாடி வந்தது இருமுறையும் பஞ்சுதான் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

அமெரிக்காவில் ரெவ்லான் நிறுவனம் 1932-இல் நகப்பூச்சோடு தொடங்கியது. இந்தியாவில் டாட்டா குழுமம் 1952-இல் லக்மேயைத் தொடங்கியது. எங்கள் பெரியம்மாவுக்கு எந்த நிறுவனத்துக் குப்பியானாலும் அது ‘கியூடெக்ஸ்’தான். இந்த ஆண்டுகளை நான் இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. நம் சடங்குகள் நகப்பூச்சை விடப் பல நூற்றாண்டு மூத்தவை. அவற்றின் பட்டியல்களில் இந்தப் பொருள் இல்லை.

அந்தப் பட்டியல்களில் ஒன்றை நான் 2018-இல் நேரில் பார்த்தேன். என் அண்ணன் இறந்து பதினாறாம் நாள். மதினிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பூ, பொட்டு, மஞ்சள், மெட்டி, கண்ணாடி வளையல் என ஒவ்வொன்றாக அவரிடமிருந்து நீங்கின. யாரும் கடுஞ்சொல் பேசவில்லை. எல்லோரும் அழுதுகொண்டேதான் செய்தார்கள். ஆடி மாதம் தெருப்பெண்கள் மருதாணி அரைத்தபோது எங்கள் வீட்டுக்குக் கிண்ணம் வந்தது; மதினியின் பங்கு அதில் இல்லை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மதினி மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். ஜாக்கெட் தைப்பார், சேலைக்கு ஃபால்ஸ் வைப்பார், கொக்கி கட்டுவார், முகூர்த்த மாதங்களில் ஆரி வேலையும் எடுத்துக்கொள்வார். நாளில் பத்து மணி நேரம் அவர் கண் தம் விரல் நுனியிலேயே இருக்கும். இடது கட்டைவிரல் நகம் ஊசி பட்டுப் பட்டு நுனியில் பிளக்கத் தொடங்கியது. பிளந்த நகம் பட்டு நூலை இழுத்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் ஒரு நாள் நிறமற்ற டாப் கோட் குப்பி ஒன்றை வாங்கிவந்து, தாயின் விரலைப் பிடித்துப் பூசிவிட்டாள். “இதுல கலரே இல்லம்மா, நகம் பிளக்காம இருக்கத்தான்” என்றாள். மதினி கையை விளக்கருகே நீட்டி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் இல்லைதான். ஒளி இருந்தது.

அங்கிருந்து அவர் எடுத்து வைத்த அடிகள் மிக மெதுவானவை. முதலில் பளபளப்பில்லாத மேற்பூச்சு. அந்தப் பூச்சில் கலந்திருக்கும் சிலிக்காத் துகள் ஒளியைச் சிதறச் செய்வதால் மெருகு போய் மெல்லிய துணியின் தோற்றம் வருகிறது. கடையில் கிடைக்காத நாளில் நிறமற்ற பூச்சில் ஒரு சிட்டிகை மக்காச்சோள மாவைக் கலந்தும் அதைப் பெறலாம் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். மாவைச் சலித்துப் போடாவிட்டால் பூச்சு திரிதிரியாகும் என்று மதினி அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். பிறகு தோல் நிறத்தை ஒட்டிய ஒரு வெளிர் பழுப்பு. அதன் பிறகு நீண்ட நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஞாயிறு மாலை, விளக்குத்தூண் பக்கம் வாங்கிய கருநீலம்.

ஞாயிறு மாலைகளில் மூவரும் சன்னலோரம் அமர்வது அதன் பின் வழக்கமாயிற்று. நகத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பூச்சு நாலே நாளில் உரிந்துவிடும். ஆகவே முதலில் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு. அடர்ந்த நிறங்கள் நகத்தை மஞ்சளாக்காதபடி அடிப்பூச்சு. நிறத்தை ஒரே கனமாக அப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சாக. நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஒவ்வொன்று. நுனி விளிம்பையும் தூரிகையால் ஒரு முறை தொட்டு மூடிவிட வேண்டும். சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இவ்வளவும் எல்லோரும் செய்வது. மதினியின் கைவேலை இதற்குப் பிறகு.

குண்டூசித் தலையால் புள்ளி வைப்பார்; கொண்டை ஊசியின் முனையால் அதைவிடப் பெரிய புள்ளி. ஐந்து புள்ளியும் நடுவில் ஒன்றும் சேர்ந்தால் பூ. ஈரப்புள்ளியை ஊசிமுனையால் இழுத்தால் இலை. வெட்டி எஞ்சிய நெட் துணியை உலர்ந்த நகத்தின்மேல் இறுக்கிப் பிடித்து, பஞ்சு நுரைத் துண்டால் வேறு நிறத்தை ஒற்றி எடுத்தால் மீன்செதில் விழும். வாடிக்கையாளர் ஒருவரின் பட்டு முந்தானையிலிருந்து உதிர்ந்த ஜரிகை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஈர மேற்பூச்சின்மேல் படுக்கவைத்து, மேலே இன்னொரு மேற்பூச்சிட்டு மூடியதை நான் எங்கும் பார்த்ததில்லை. கிண்ணத்து நீரில் சொட்டுச் சொட்டாக நிறங்களை விட்டு, ஊசியால் கோலமிழுத்து, விரலைத் தோய்த்தெடுக்கும் பளிங்கு வேலை மட்டும் முதலிரண்டு முறை வரவில்லை. குளிர்ந்த நீரில் சொட்டு விரியாது. மின்விசிறி சுற்றினால் மேற்படலம் உடனே உலர்ந்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, சற்றே வெதுவெதுப்பான நீரில் மூன்றாம் முறை வந்தது.

மினுக்கிப் பூச்சில்தான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. மினுக்கித் துகள்கள் உலர்ந்ததும் நகம் உப்புத்தாளாகிவிடும். பட்டில் பட்டால் இழை எழும்பும். அதற்கு மேற்பூச்சு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, உறுத்தாவிட்டால்தான் திங்கட்கிழமை துணியைத் தொடுவார். கழற்றுவதற்கும் பொறுமை வேண்டும்: ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால்தான் அது பிடியை விடும்.

பெரியம்மா ஒரு முறை ஊரிலிருந்து வந்தபோது அந்தக் கருநீலத்தைப் பார்த்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் இருந்த மதினியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனத்துக்குள் அவர் ஒரு பட்டியலைப் புரட்டுவது எனக்குத் தெரிந்தது. கடைசியில், “ஏத்தா, இது எந்தக் கணக்குல சேரும்?” என்றார்.

“தெரியலையே அத்தை” என்றார் மதினி. “உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.”

பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. ரசம் கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மகளுக்கு இதில் உடன்பாடில்லை. அன்றிரவு என்னிடம் கோபமாகவே பேசினாள். “பொட்டு வைக்கக் கூடாதுன்னா அதுக்குச் சண்டை போடணும் அத்தை. சட்டத்துல ஓட்டை கண்டுபிடிச்சு நுழையற மாதிரி இது என்ன?” அவள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. பட்டியலில் எழுத மறந்தது கிடைத்தது என்று மகிழ்ந்தால், பட்டியல் எழுதும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? மதினியிடமே இதைக் கேட்டேன். கொக்கி கட்டிக்கொண்டே சொன்னார்: “பொட்டு வச்சா ஊரு பார்க்கும். அப்புறம் ஊரு பார்க்குதான்னு நான் பார்க்கணும். இத நான் மட்டும்தான பார்க்குறேன்.” மகளின் நியாயம் பெரிது; அது ஒரு நாள் வெல்லவும் வேண்டும். ஆனால் மதினி கேட்டது வெற்றியை அன்று. எட்டு மணிக்குத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தால் மாலை வரை தம் கண்ணுக்கு இதமாக ஒன்று இருக்க வேண்டும். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படக் கூடாது.

2023-இல் மதினிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. முந்தைய மாலையே மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். செவிலியர் ஒரு தாளோடு வந்து, கழற்ற வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டு போனார்: சங்கிலி, தோடு, கொண்டை ஊசி, நெயில் பாலிஷ். மதினியின் முகம் மாறுவதைக் கண்டேன். கழற்ற வேண்டியவை என்று ஒருவர் வாய்விட்டுப் படிக்கக் கேட்பது அவருக்கு இது இரண்டாம் முறை. விரலில் மாட்டும் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் நகத்தின் வழியே செலுத்தித்தான் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கிறது, அடர்ந்த நிறம் கணக்கைப் பிழையாக்கலாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

செவிலியர் பஞ்சும் ரிமூவரும் கொண்டுவந்து, தாமே விரலைப் பிடித்துத் துடைத்தார். ஜரிகை பதித்த நகத்துக்கு வந்ததும் நிறுத்தி, “இது யாரும்மா போட்டுவிட்டாங்க?” என்று கேட்டார்.

“நானேதான்.”

“அழகா இருக்கு. வீட்டுக்குப் போனதும் மறுபடி போட்டுக்கோங்க.”

மதினி அழுதார். செவிலியர் அறுவை சிகிச்சையை நினைத்து அச்சம் என்று எண்ணிக்கொண்டு தைரியம் சொன்னார். எனக்குப் பதினாறாம் நாள் நினைவுக்கு வந்தது. அன்று அந்தக் கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். எடுத்ததை மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

வீடு திரும்பிப் பத்து நாள் அவர் எதையும் தொடவில்லை; தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாது. பதினோராம் நாள் மகளை அழைத்துக் குப்பிகளை எடுத்துவரச் சொன்னார். அடுக்கி வைத்தவற்றில் பச்சையும் நீலமும் கருஞ்சிவப்பும் இருந்தன. நிறமற்ற அந்தப் பழைய மேற்பூச்சுக் குப்பி அடியில் கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினார். பிறகு கருஞ்சிவப்பைத் தேர்ந்து, இடது கையை மகளிடம் நீட்டினார். வலது கைக்குத் தாமே பூசிக்கொண்டார். இடது கையால் அவ்வளவு நேராகக் கோடிழுக்க என்னால் ஆகாது.

பொட்டு இன்னும் வைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண்ணொருத்தி, கணவனை இழந்து ஓராண்டு ஆனவள், அளவு நாடா பிடித்த மதினியின் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். போகும்போது கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாளாம். கடையைச் சொல்லிவிட்டு, முதலில் வெள்ளை டாப் கோட் மட்டும் வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பியதாக மதினி சொன்னார்.