பழைய நிழற்படக் கருவி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திற்கு அணித்தாகிய ஒரு தெருவில், 1950-களில் சிறிய நிழற்படக் கூடம் ஒன்று இருந்தது. தூண்களும் பூந்தொட்டிகளும் எழுதிய ஒரு திரை, அதன் முன்னே ஒரு நாற்காலி, பக்கத்தில் ஓர் இருட்டறை: அக்கூடத்தின் உடைமை ஏறத்தாழ இவ்வளவே. மணமக்களும், பட்டம் பெற்ற இளைஞரும், தவழும் குழவிகளை ஏந்திய தாய்மாரும் அத்திரையின் முன் அமர்ந்து தம் உருவத்தைப் பதித்துக்கொண்டு சென்றனர். கூடத்தில் இருந்த மரக்கருவி பெரியது. வெளியூர்த் திருமணங்களுக்கு அதனைச் சுமந்து செல்லுதல் அரிது. ஆதலால் கூடத்தின் உரிமையாளர் 1955 ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று, பல திங்கள் சேர்த்த பொருளைக் கொடுத்து, ரோலிகார்டு என்னும் கருவி ஒன்றை வாங்கி வந்தார்.

அக்கருவியின் பிறப்பும் அமைப்பும் அறியத்தக்கவை. ஜெர்மனி நாட்டுப் பிரௌன்ஷ்வைக் நகரில் 1920 ஆம் ஆண்டு பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் ஒரு தொழிற்சாலை தொடங்கினர். அவர்கள் 1929 ஆம் ஆண்டு ரோலிபிளெக்ஸ் என்னும் இரட்டை வில்லைக் கருவியை வெளியிட்டனர். அதனை வாங்கும் ஆற்றல் இல்லாதவர்க்கென விலை குறைந்த ரோலிகார்டு 1933 ஆம் ஆண்டில் வந்தது. இதன் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வில்லைகள் உண்டு. மேலது காண்பதற்கு, கீழது படம் பதிவதற்கு. மேல்வில்லையின் வழியே புகும் ஒளி, உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடியிற் பட்டுத் திரும்பி, உச்சியிலுள்ள மங்கற் கண்ணாடியில் உருவமாக விழும். படம் எடுப்பவர் கருவியை மார்பளவில் ஏந்தித் தலைகுனிந்து அவ்வுருவத்தை நோக்குவார். எதிரில் நிற்பவர்க்கு அவர் தம்மை வணங்குவது போலத் தோன்றும். கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுக்கும் இக்காலத்தார்க்கு அப்பணிவு வியப்பாகவே இருக்கும். ஒரு படச்சுருளில் 6 சென்டிமீட்டர் சதுரமுள்ள 12 படங்களே எடுக்கலாம். ஆதலால் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கப்பட்டது.

இரு வில்லைகளும் ஒரே முகப்புத் தகட்டிற் பொருத்தப்பட்டவை. பக்கத்துக் குமிழைத் திருகினால் அத்தகடு முழுவதும் முன்னும் பின்னுமாக நகரும். எங்கு நின்றாலும் அது படச்சுருளுக்கு நேர் இணையாக நிற்றல் வேண்டும். ஒரு புறம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் இரண்டு பங்கு சாய்ந்தாலும், மங்கிய ஒளியில் வில்லையின் துளையை அகலத் திறந்து எடுக்கும் படத்தில் ஒரு பக்கம் தெளிந்தும் மறுபக்கம் கலங்கியும் காணப்படும்.

1967 ஆம் ஆண்டில் ஒருநாள் நண்பகல், உரிமையாளரின் பத்து வயது மகன் ஆளில்லாத கூடத்துள் புகுந்து கருவியைத் தோற்பெட்டியினின்றும் வெளியே எடுத்தான். தலைகுனிந்து நோக்கினான். மங்கற் கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் உருவம், இவன் வலப்புறம் திரும்பினால் தானும் வலப்புறமே ஓடிற்று. அந்த விந்தையிலே மயங்கியவன் வாயிற்படியைக் கவனித்திலன். கால் இடறிற்று; கருவி கையினின்றும் நழுவிக் கருங்கற் படியில் விழுந்தது. முகப்புத் தகட்டின் கீழ்மூலையில் கறுப்புப் பூச்சு பெயர்ந்து உலோகம் பளிச்சென வெளித்தோன்றியது. சிறுவன் தன் பள்ளிப் பையிலிருந்த மைப்புட்டியைத் திறந்து, விரல் நுனியால் மையைத் தொட்டு அவ்விடத்தில் தடவினான், ஊதி உலர்த்தினான், கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குச் சென்றான். ஒருவரிடமும் ஒன்றும் கூறவில்லை.

அடுத்த முகூர்த்த நாளில் தந்தையார் ஒரு திருமணத்துக்குப் படம் எடுக்கச் சென்றார். படங்களில் மணமகள் தெளிவாக இருந்தாள். மணமகனும் அவன் பக்கத்தில் நின்ற பெற்றோரும் புகையினூடே நிற்பார் போலத் தோன்றினர். போன முகூர்த்தம் மீண்டும் வருமா? மணவீட்டார் வந்து சினந்து பேசினர். தந்தையார் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, “கருவியில் ஏதோ கோளாறு, பொறுத்தருள வேண்டும்” என்று கைகூப்பினார். கதவின் பின்னே நின்ற சிறுவன் அதனைக் கண்டான். அயல்நாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்வதற்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலம் அது. வேறொரு ரோலிகார்டு வாங்குவது அவர் போன்றார்க்கு எளிதன்று.

அதன்பின் ஒரு வாரம் கூடத்தின் விளக்கு நள்ளிரவு வரையில் எரிந்தது. பிறகு படங்கள் பழையபடியே தெளிவாக வந்தன. 1968 ஆம் ஆண்டு மகாமகத்தில் நீராடிய மக்கட் பெருக்கை அக்கருவியினாலேதான் தந்தையார் எடுத்தார். மகன் முக்காலியைச் சுமந்துகொண்டு உடன் சென்றான். கருவி எவ்வாறு சரியாயிற்று என்று அவன் கேட்கவில்லை. அது எவ்வாறு பழுதுற்றது என்று அவரும் கேட்கவில்லை.

காலம் சென்றது. 1989 ஆம் ஆண்டு தந்தையார் காலமானார்; கூடமும் மூடப்பட்டது. மகன் அரசு அலுவலகத்தில் எழுத்தராகிச் சென்னையில் வாழ்ந்து ஓய்வும் பெற்றார். கருவி இரும்புப் பெட்டியுள் துணிகளினிடையே கிடந்தது. கல்லூரியிற் பயிலும் பேத்தி, படச்சுருளில் படம் எடுத்துப் பழக விரும்பித் தாத்தாவிடம் அதனைக் கேட்டபோதுதான் மீண்டும் வெளியே வந்தது. வில்லையினுள் சிலந்தி நூல் போலக் காளான் படர்ந்திருந்தது. ஷட்டர் திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது. கடைக்காரர் இருவர், “கண்ணாடிப் பேழையில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று கூறித் திருப்பி அனுப்பினர்.

மூன்றாமவராக வாய்த்தவர் ஒரு கைவினைஞர். அண்ணா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், குறுகிய மாடிப்படிகளின் மேலே அவருடைய அறை இருந்தது. பதினேழாம் வயதில் தாய்மாமனிடம் தொழில் கற்கத் தொடங்கியவர் அவர். அகவை அறுபதை நெருங்கியும் கை நடுங்காதவர். மேசைமீது வெள்ளைத் துணி விரித்திருந்தார். எள்ளினும் சிறிய திருகாணி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிதற்பொருட்டு. சுவரெங்கும் தகரப் பேழைகள். இனி உயிர்பெறா என்று கைவிடப்பட்ட கருவிகளின் உறுப்புகள் அவற்றில் வகைவகையாக இருந்தன. தொழிற்சாலையிலிருந்து புதிய உறுப்பு வாராத பொருளுக்கு, இறந்த கருவியே இருக்கும் கருவிக்கு உறுப்பு ஈயும்.

அவர் ரோலிகார்டைக் கையில் வாங்கியதும் திறந்து பார்க்கவில்லை. காதருகில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஒரு நொடிக்கு வைத்தும், அரை நொடிக்கு வைத்தும், ஐந்நூற்றில் ஒரு பங்கு நொடிக்கு வைத்தும் அழுத்தி, நாடி பார்க்கும் மருத்துவர் போலக் கண்மூடிக் கேட்டார். “விரைவான ஓட்டம் பழுதில்லை, ஐயா. மெல்லோட்டந்தான் நின்றுவிட்டது. பழைய எண்ணெய் பசையாகிச் சிறு சக்கரங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. நான்கு வாரம் தாருங்கள்” என்றார். முன்பணம் கேட்கவில்லை.

ஷட்டர் என்பது மெல்லிய எஃகு இதழ்களால் ஆகியது. மலர்ந்து குவியும் பூவை ஒத்தது. மெல்லோட்டத்தில் அவ்விதழ்கள் உடனே குவியாதபடி, கடிகாரத்தில் உள்ளவை போன்ற பல்சக்கரங்கள் தடுத்து நிறுத்தும். கைவினைஞர் அவற்றைத் தனியே கழற்றி, பெட்ரோலியத்தினின்றும் வடித்த தெளிந்த நீர்மத்தில் பலகால் கழுவினார். பின்னர் ஊசிமுனையில் எண்ணெய் தொட்டுச் சக்கரங்களின் அச்சு முனைகளில் மட்டும் வைத்தார். இதழ்களில் எண்ணெய் படலாகாது. பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இட்டால் எப்பொறியும் ஓடும் என்று கருதித் தாமே ஊற்றிப் பார்ப்பவர் பலர்; அவர்களாலேயே தம் தொழில் நடைபெறுவதாக அவர் நகைத்துக் கூறுவதுண்டு. பூச்சு மங்கிய உட்கண்ணாடியை நீக்கி, முன்முகத்திலே பூச்சுடைய புதியதனை அளந்து வெட்டிப் பொருத்தினார். வீட்டுக் கண்ணாடிக்குப் பின்முகத்தில் பூச்சு இருக்கும். அதனை இங்கு வைத்தால் உருவம் இரண்டாகத் தெரியும்.

வில்லையின் காளானைத் துடைத்து எடுத்தார். ஆயினும் ஓரத்தில் காளான் கண்ணாடியையே அரித்த சுவடு சிறிது எஞ்சியது. அதனைத் தேய்த்துப் போக்க அவர் உடன்படவில்லை. தேய்த்தால் சுவடு போகும். வில்லையின் வளைவும் போகும். ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த பெரியோர் நெறியும் இதுவே. 1894 ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், செல்லரித்து மறைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பத் துணிந்தாரல்லர். 267, 268 ஆம் பாட்டுகள் இன்றும் இல்லாதனவாகவே உள்ளன. பாட்டு இயற்ற அறியாமையாலா அவர் அவ்வாறு விட்டார்?

இரண்டு வாரம் கழித்துக் கைவினைஞர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, நேரில் வரவேண்டும். ஒன்று காட்ட வேண்டியிருக்கிறது.”

பெரியவர் சென்றபோது, கருவி முகப்புத் தகடு கழற்றப்பட்டு வெள்ளைத் துணியின்மேல் கிடந்தது. அருகில் ஒரு சிறு தட்டில், நகத்தளவான தாள் துண்டு ஒன்று இரண்டாக மடிந்தபடி இருந்தது.

“இக்கருவி ஒருமுறை விழுந்திருக்கிறது. கீழ்மூலையில் அடி. தகடு ஒரு புறம் உள்ளே சாய்ந்துவிட்டது. யாரோ ஒருவர் அதைத் திருத்தியிருக்கிறார். கருவி பழுது பார்ப்பவர் அல்லர். திருகாணித் தலைகளைப் பார்த்தாலே தெரிகிறது, தகுந்த திருப்புளி அவரிடம் இல்லை. ஆனால் பொறுமை உடையவர். தகட்டின் அடியில் இந்தத் தாளை மடித்து வைத்து மட்டம் செய்திருக்கிறார். படச்சுருள் இருக்கும் இடத்தில் மங்கற் கண்ணாடியை வைத்து, பூதக் கண்ணாடியால் பார்த்துப் பார்த்து, ஒரு மடிப்பா இரண்டு மடிப்பா என்று சோதித்திருக்க வேண்டும். பல இரவு வேலை.”

பெரியவர் தாளை எடுத்துப் பார்த்தார். கூடத்தின் பற்றுச்சீட்டுப் புத்தகத்துத் தாள் அது. நீலக் கோடு ஒன்றும், கூடத்துப் பெயரின் ஈற்றெழுத்து இரண்டும் அதில் இருந்தன.

“இன்னும் ஒன்று” என்று கைவினைஞர் தகட்டைத் திருப்பி விளக்கின்கீழ்ப் பிடித்தார். “மூலையில் பூச்சுப் பெயர்ந்த இடத்தில் தடவியிருப்பது வண்ணம் அன்று; பேனா மை. உலோகத்தின்மேல் பேனா மை ஒரு மாதங்கூட நில்லாதே, எப்படி இத்தனை காலம் நின்றது என்று வியந்தேன். பிறகு கண்டேன். மையின்மேல் வார்னிஷ் பூசியிருக்கிறது. நெகட்டிவைத் திருத்துவதற்கு முன்னாளில் படக்கூடங்களில் வைத்திருப்பார்களே, அது போன்ற வார்னிஷ். மை தடவிய கை வேறு. வார்னிஷ் பூசிய கை வேறு. மையில் ஒரு சிறு விரலின் ரேகை தெரிகிறது, பாருங்கள். வார்னிஷ் மட்டும் மெல்லிய தூரிகையால், ரேகை கலையாமல் பூசப்பட்டிருக்கிறது.”

பெரியவர் நெடுநேரம் அம்மூலையை நோக்கியிருந்தார். கைவினைஞர் யாதொன்றும் வினவாமல், எழுந்து சென்று தேநீர் சொல்லிவிட்டு வந்தார்.

“தாள் நாட்பட்டு உப்பிவிட்டது, ஐயா. அதை எடுத்துவிட்டு, அளவாகப் பித்தளைத் தகடு வைக்க வேண்டும். மூலையைத் தட்டி நேராக்கி, மையை அழித்துக் கறுப்பு வண்ணம் கொடுத்துவிட்டால் புதிது போல் ஆகிவிடும். செய்யட்டுமா?”

“பித்தளை வைத்துவிடுங்கள், தம்பி. அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள். மூலையைத் தொடவேண்டா” என்றார் பெரியவர்.

நான்காம் வாரம் கருவி வீடு வந்து சேர்ந்தது. ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால், உள்ளே சக்கரங்கள் சிறு வண்டு முரல்வது போல ஒலித்து, சொன்ன காலத்தில் ஷட்டரை மூடின. அக்கருவிக்குரிய படச்சுருள் இன்றும் அயல்நாடுகளில் செய்யப்பட்டு வருகிறது. பேத்தி ஒன்று வாங்கி வந்தாள். தாத்தாவைத் திண்ணையில் அமர்த்தித் தலைகுனிந்து நோக்கினாள். அவரைச் சட்டத்தின் நடுவே கொண்டுவர முயன்று, வலத்துக்கு இடமாகத் திரும்பித் தடுமாறினாள். பெரியவர் நகைத்தார். அந்நகை முதற்படமாயிற்று. சுருளைக் கழுவியபோது நான்கு மூலையும் ஒருங்கே தெளிந்திருந்தன.

அன்று மாலை அவள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்பொழுது முகப்பின் கீழ்மூலையில் விரல் வைத்து, “எல்லாவற்றையும் இவ்வளவு நன்றாகச் செய்தவர் இந்தக் கறையை மட்டும் ஏன் விட்டுவிட்டார், தாத்தா?” என்று கேட்டாள்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்த தாள் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பின்பு, மனைவியிடத்தும் மகனிடத்தும் கூறியிராத அந்த 1967 ஆம் ஆண்டு நண்பகலை அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.