237 கிழக்கு, மாலை ஐந்தரை

என் மகள் போன டேகேர் மாலை 6 மணிக்கு மூடும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு டாலர் அபராதம். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் அந்த வரி இருந்தது. நானும் மனைவியும் அதைப் படித்துச் சிரித்தோம். நிமிடக் கணக்கிலா ஒருத்தர் தாமதமாவார் என்று. 2016 செப்டம்பரில் மட்டும் எழுபத்து மூன்று டாலர் கட்டினேன்.

அலுவலகம் மௌண்டன் வியூவில். வீடும் டேகேரும் மில்பிடாஸில், டிக்ஸன் லேண்டிங் சாலைக்குப் பக்கத்தில். நடுவில் 237 என்கிற ஃப்ரீவே, அதன் முடிவில் 880-க்கு ஏறினால் ஒரே எக்ஸிட். மொத்தம் பன்னிரண்டு மைல் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம். வார நாள் மாலையில் ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் நாற்பது நிமிடம், சில நாள் ஐம்பது. மழை தூறினாலோ, பக்கத்து லீவைஸ் ஸ்டேடியத்தில் ஏதாவது நடந்தாலோ கணக்கே கிடையாது. காலையில் விடுவது மனைவி, மாலையில் எடுப்பது நான் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். நல்ல பங்கை எடுத்துக்கொண்டோம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன்.

பணம் போனது பெரிய விஷயமில்லை. ஐந்தரைக்கு மேல் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும். நான் மூச்சு வாங்க உள்ளே நுழையும்போது நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றியிருப்பார்கள். டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நிற்பார். மகள் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, பையை மாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காரில் ஏறியதும் கேட்டாள்.

"அப்பா, நீ மட்டும் ஏன் எப்பவும் லாஸ்ட்?"

"டிராஃபிக்மா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டிராஃபிக்னா யாரு?" என்றாள்.

மூன்றரை வயதுக் குழந்தையின் கேள்வி. ஏதோ ஒரு ஆள் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறான் என்று அவள் நினைத்திருக்கலாம். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சிவப்பு விளக்குகளுக்கு நடுவே நின்றபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. யாரு?

நான் இருப்பது சாண்டா கிளாரா கவுண்டி. ஒருகாலத்தில் பிளம், ஆப்ரிகாட் தோட்டங்களாக இருந்த பள்ளத்தாக்கு. இன்று பதினைந்து ஊர்கள், பத்தொன்பது லட்சம் பேர். வடமேற்கில் இருக்கும் பாலோ ஆல்டோ, மௌண்டன் வியூ, சன்னிவேல் போன்ற ஊர்கள் அலுவலகங்களைக் கட்டிக்கொண்டே போயின, அந்த அளவுக்கு வீடுகளைக் கட்டவில்லை. வீடுகள் சான் ஹோசேயிலும் கிழக்குப் பக்கத்திலும் இருந்தன. அங்கும் வாங்க முடியாதவர்கள் சுனோல் மேட்டைத் தாண்டினார்கள், பிறகு ஆல்டமாண்ட் கணவாயையும் தாண்டினார்கள். என் குழுவில் ஒருவர் டிரேசியிலிருந்து வருவார், காலை ஐந்து மணிக்குக் கிளம்பி. அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு மேலே வருவார்.

அதனால் காலையில் 237 மேற்கு நோக்கிச் சிவக்கும், 101, 85, 280 மூன்றும் வடக்கு நோக்கிச் சிவக்கும். மாலையில் அப்படியே திரும்பும். எதிர்த் திசையில் அதே நேரத்தில் கார்கள் பறந்துகொண்டிருக்கும். போன் வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்க்கிறவர்கள் சாலையில் கோளாறு என்று நினைப்பார்கள். நான் அதை வீட்டு விலைப் பட்டியலாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நாங்கள் மில்பிடாஸில் வாங்கியதும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

கலிஃபோர்னியா ஃப்ரீவேக்களில் தாருக்கு அடியில் கம்பிச் சுருள்கள் பதித்திருப்பார்கள். கார் மேலே போனால் அது உணரும். முப்பது விநாடிக்கு ஒருமுறை எத்தனை கார், எவ்வளவு நேரம் மேலே நின்றன என்று கணக்கு போகும். மாநிலப் போக்குவரத்துத் துறை அதைப் பெம்ஸ் என்ற தளத்தில் சேர்த்து வைக்கிறது. பெயரைப் பதிந்தால் யாரும் பார்க்கலாம். எனக்குத் தொழிலே தரவு. ஒரு சனிக்கிழமை இரவு 237 கிழக்கை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்ததும் ஒன்று புரியவில்லை. நான் மாட்டிக்கொண்டு நிற்கும் ஐந்தரை மணிக்குக் கார் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த நேரத்தில் எண்ணிக்கை கீழே இறங்கியிருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1930களில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் ஒஹாயோவில் சாலையோரம் கேமராவை வைத்துப் படமெடுத்து, கார்கள் நெருங்க நெருங்க வேகம் எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் இரண்டாயிரம் கார்கள் போகலாம். ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்று. அந்த எல்லையைத் தொட்டபின் இன்னும் கொஞ்சம் பேர் உள்ளே நுழைந்தால் எல்லாரும் தவழ ஆரம்பிக்கிறோம், ஒரு மணி நேரத்தில் கடக்கிறவர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது. சாலை மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது தன்னால் முடிந்ததைவிடக் குறைவாகவே வேலை செய்கிறது. ஏறும் வழிகளில் ஒரு பச்சைக்கு ஒரு கார் என்று சிக்னல் வைத்து நம்மை எரிச்சலூட்டுவது இதனால்தான்.

முன்னால் விபத்தும் இல்லை, பழுதான வண்டியும் இல்லை, ஆனாலும் நிற்கிறோம் என்பது அடுத்த புதிர். 2008-ல் ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகவேண்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லை, குறுக்கே வருகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் சீராகப் போனது. பிறகு யாரோ லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கடைசியில் சிலர் முழுதாக நின்றேவிட்டார்கள். அந்த நெரிசல் வட்டத்தில் ஓர் அலை மாதிரிப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. குற்றவாளி என்று யாரையும் காட்ட முடியாது.

சரி, சாலையை அகலப்படுத்தினால்? இந்தக் கவுண்டி அதை நம்பிக்கையோடு செய்து பார்த்த ஊர். 1970களில் 101-ம் 280-ம் சேரும் இடத்து மேம்பாலம் பணமில்லாமல் அந்தரத்தில் பாதியில் நின்றது. 1976-ல் ஜோ கோலா என்ற சான் ஹோசே நகரமன்ற உறுப்பினர், யாராலும் ஏறமுடியாத அந்தப் பாலத்தின்மேல் கிரேனால் ஒரு காரை ஏற்றி, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார். அரசாங்கத்தைக் கேலி செய்த அந்தப் படம் இன்றும் பிரபலம். 1984-ல் மக்களே வாக்களித்து, தங்கள்மேல் அரை சென்ட் விற்பனை வரி போட்டுக்கொண்டு சாலை கட்டினார்கள். 85 முழுதாகத் திறந்ததும், 101 அகலமானதும், 237-ல் சிக்னல்கள் போய் ஃப்ரீவே ஆனதும் அந்தப் பணத்தில். இன்று காலை எட்டு மணிக்கு 85-ல் வடக்கே போகிற யாரிடமாவது அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆந்தனி டௌன்ஸ் இதை 1962-லேயே எழுதிவிட்டார். புதுத் தடம் திறந்தால், வேறு வழியில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள், பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் அதே உச்ச நேரத்துக்குத் திரும்பி வந்து நிரப்பிவிடுவார்கள். 2011-ல் டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் தரவை வைத்து, சாலை எந்த அளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே அளவு ஓட்டும் மைல்களும் கூடுகின்றன என்று காட்டினார்கள்.

இதெல்லாம் தெரிந்தபிறகும் ஆறு மணிக்குக் கதவு மூடத்தான் செய்தது. தெரிந்த தந்திரமெல்லாம் செய்தேன். டாஸ்மன் வழியாகப் போனேன், மான்டேக் வழியாகப் போனேன். என் போன் சொன்ன குறுக்கு வழியை எல்லார் போனும் சொல்லியிருந்தது. 237, 880-ல் சேரும் இடத்தில் 2012 முதல் கார்பூல் தடம் கட்டணத் தடமாகிவிட்டது. அப்போது இரண்டு பேர் இருந்தால் இலவசம், தனியாளென்றால் காசு. நெரிசல் கூடக்கூடப் பலகையில் தொகையும் ஏறும். காரில் குழந்தை இருந்தாலும் ஓர் ஆள் கணக்குதான். ஆனால் நான் போவதே அந்த இரண்டாவது ஆளைக் கூப்பிட. அவளை ஏற்றிக்கொண்டபின் எனக்கு ஃப்ரீவே தேவையில்லை. பலகையில் நான்கு டாலர், தாமதமானால் அங்கே எட்டு டாலர் என்று ஓட்டிக்கொண்டே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த மாலைகள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அந்த நாற்பது நிமிடம் முழுக்க நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே ஐந்தரை என்றால் கும்பகோணத்தில் காலை ஆறு, குளிர்காலத்தில் ஏழு. காபி டம்ளரோடு உட்காருவாள். "எங்கப்பா இருக்க, ரோட்லயா?" என்றுதான் ஆரம்பிப்பாள். எதிர் வீட்டுச் சண்டை, மாமாவின் சர்க்கரை, குழாயில் தண்ணீர் வராதது. பதில் சொல்லவேண்டிய அவசியம் அதிகம் இருக்காது. "ம்" கொட்டியபடி முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டேகேர் வாசலில் "வைக்கிறேம்மா" என்பேன்.

2018-ல் மேலாளரிடம் பேசி, மூன்றரைக்குக் கிளம்பிவிட்டு இரவில் மீதி வேலையைப் பார்க்க அனுமதி வாங்கினேன். ஆறு மாதம் சொர்க்கமாக இருந்தது. பிறகு மூன்றரையும் கெட்டியாக ஆரம்பித்தது. தளத்தில் பார்த்தேன், மாலைத் திமில் இரண்டு பக்கமும் அகன்றிருந்தது. என்னை மாதிரியே எத்தனை பேர் மேலாளரிடம் போய் நின்றிருப்பார்கள். ஆனாலும் மகள் இப்போது கடைசி ஆளில்லை. இழப்பு அந்தப் பக்கம் நடந்தது. மூன்றரைக்கு ஊரில் விடிகாலை நாலு மணி.

2020 மார்ச் 17 முதல் எங்கள் கவுண்டியும் சுற்றியிருந்த ஐந்து கவுண்டிகளும் எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னன. ஏப்ரலில் கணினித் திரை ஒன்றை எடுத்துவர அலுவலகம் போனேன். திரும்பும்போது மணி ஐந்தரை. பதினான்கு நிமிடத்தில் வந்துவிட்டேன். டேகேர் வாசலில் வேண்டுமென்றே காரை நிறுத்தினேன். பூட்டியிருந்தது. அந்தக் கோடையில்தான் எத்தனையோ வருடம் காத்திருந்த பார்ட் ரயில் மில்பிடாஸுக்கு வந்தது. ஜூன் 13. ஏறத்தான் ஆளில்லை. ஜூலையில், மாநிலத்தில் புதுக் கட்டடங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கும் விதியும் மாறியது. அதுவரை சந்திப்புகளில் கார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, பள்ளிக்கூடம் மாதிரி ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுவார்கள். இனிமேல் தாமதம் பாதிப்பாகாது, மக்கள் எத்தனை மைல் ஓட்டவேண்டியிருக்கிறது என்பதே பாதிப்பு. நான் தாமதத்தோடு மல்லுக்கட்டிய வருடங்கள் எல்லாம் தப்பான எண்ணைத் துரத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. பன்னிரண்டு மைலைப் பற்றி யோசித்திருக்கவேண்டும்.

அந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசியபோது கேட்டாள். "ஏம்ப்பா, அங்க இப்பல்லாம் டிராஃபிக்கே இல்லையா?"

"இல்லம்மா, ரோடே காலி."

"அதான்" என்றாள். "போனே வரலையே."

இப்போது செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் அலுவலகம். எல்லாருக்கும் அதே மூன்று நாள், ஆகவே நெரிசலும் அதே மூன்று நாள். திங்களும் வெள்ளியும் சாலை லேசாக இருக்கிறது. மகள் நடுநிலைப் பள்ளியிலிருந்து தானே நடந்து வந்துவிடுகிறாள். எனவே பழையபடி ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறேன். அந்த மூன்று நாளும் அம்மா காலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று தங்கை சொன்னாள்.

போன வியாழக்கிழமை ஏனோ சாலை விட்டுக்கொடுத்தது. இருபது நிமிடத்தில் வீடு. மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அம்மா அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.