எண்மர் வெளியேறிய கதை: தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றின் அகப்பண்பாடும்

பண்பாடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கலை, இலக்கியம், சமயம், சடங்கு ஆகியனவே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் பண்பாடு உண்டென்பது சற்று விந்தையாகவே தோன்றக்கூடும். ஆயினும் சில மனிதர் ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் கூடி உழைக்கும்போது, எழுதப்படாத வழமைகள் சில அவர்களிடையே உருவாகிவிடுகின்றன. யாரை எவ்வாறு அழைப்பது, யார் முன்னிலையில் யார் வாய்திறக்கலாம், தவறு நேர்ந்தால் அதனை வெளியிற் சொல்வதா மறைப்பதா என்பன நிறுவனத்தின் யாப்பிலே காணப்படுவதில்லை. புதிதாகச் சேரும் ஊழியரோ ஒரு மாதத்துக்குள் அவற்றைக் கற்றுக்கொண்டுவிடுகின்றார். முகாமைத்துவத் துறையினர் இதனை நிறுவனப் பண்பாடு என்பர். அவர்தம் நூல்களில் இச்சொல் படும் பாடு வேறு விடயம். சுவரில் மாட்டும் விழுமியப் பட்டியலும், ஊழியருக்கு வழங்கும் இலவச உணவுங்கூடப் பண்பாடாக அங்கு எண்ணப்படுகின்றன. ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வாழ்வதும் வீழ்வதும் இவற்றால் அன்று. ஒருவர் மற்றவரைப் பார்த்து “இது பிழை” என்று கூறமுடிகின்றதா, கூறியவருக்குப் பின்னர் என்ன நேர்கின்றது என்பதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. கலிபோர்ணியாவில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

திரான்சிற்றரின் ஆக்கத்திற் பங்குகொண்ட மூவருள் ஒருவரான வில்லியம் ஷொக்லி, பெல் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கி, ஆர்னல்ட் பெக்மன் என்னும் தொழிலதிபரின் முதலீட்டுடன் மவுண்டன் வியூ என்னுமிடத்தில் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். சுற்றிலும் பழத்தோட்டங்கள், பின்னர் சிலிக்கன் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெறப்போகும் நிலம் அன்று அவ்வாறே இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. பெல் ஆய்வுகூடத்து நண்பர்களை அவர் அழைத்தபோது அவர்கள் வர இணங்கவில்லை. அவரை அறிந்தவர்கள் அவர்கள். எனவே அவர் நாடெங்கணுமிருந்து இளைஞர்களைத் தேடித் திரட்டினார். முப்பது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த அவ்விளைஞருள் றொபேட் நொயிஸ், இரசாயனவியலாளரான கோடன் மூர், சுவிற்சர்லாந்தினரான ஜோன் ஹோர்ணி முதலியோர் இருந்தனர். அறிவாளிகளை இனங்காண்பதில் ஷொக்லிக்கு இணையானவர் அன்று அரியர் என்றே கூறல் வேண்டும். அறிவு, பணம், புகழ் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் குவிந்திருந்தன. நிறுவனம் தோற்பதற்கு வெளிப்படையான காரணம் எதுவும் இருக்கவில்லை.

இளைஞர்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னரே உளவியற் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். நொயிஸும் மூரும் கூர்மதி படைத்தவர்கள், ஆனால் நல்ல முகாமையாளர்களாக வரமாட்டார்கள் என்று அச்சோதனை முடிவு கூறியதாக மூர் பிற்காலத்தில் நகைப்புடன் நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் நிகழ்ந்தவை நகைப்புக்குரியன அல்ல. ஊழியர் ஒருவர் பெற்ற ஆய்வு முடிவை, அவர் முன்னிலையிலேயே பெல் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அது சரிதானா என்று ஷொக்லி வினவுவார். எல்லோருடைய சம்பளத்தையும் பட்டியலிட்டுப் பகிரங்கமாக ஒட்டினார். ஒருநாள் கதவிலிருந்த ஒரு கூர்முனை ஊழியர் ஒருவரின் கையைக் கீறிவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று கருதிய ஷொக்லி, ஊழியரைப் பொய்யறியும் கருவியின் முன் நிறுத்த முற்பட்டார். பின்னர் ஆராய்ந்தபோது, தலை உடைந்துபோன ஓர் அழுத்தூசியே கதவிற் பதிந்திருந்தமை தெரியவந்தது.

இத்தகைய சூழலில் ஆராய்ச்சி எங்ஙனம் நடைபெறும்? சிலிக்கன் திரான்சிற்றரை உற்பத்தி செய்வதே நிறுவனத்தின் தொடக்க நோக்கம். இடைநடுவில் ஷொக்லியின் நாட்டம் தாமே கண்ட நான்கு படை இருவாயியின்பாற் சென்றது. உற்பத்திக்கு மிகக் கடினமான அக்கருவியைக் கைவிட்டுத் திரான்சிற்றருக்கே திரும்பவேண்டும் என்பது இளைஞரின் கருத்து. அதனை அவரிடம் கூறலாம், கூறியும் பார்த்தனர், அது செவியேறவில்லை. மறுத்துரைத்தவர் அறியாதவராக அல்லது பகைவராகக் கொள்ளப்பட்டார். மேதைமையின் இயல்பே இது என்று சிலர் அமைதி கூறுவதுண்டு. அவ்வமைதி ஏற்புடையதன்று. ஒருவரின் மேதைமை பலருடைய அறிவைப் பயனற்றதாக்குமிடத்து, அது நிறுவனத்துக்கு முதல் அன்று, கடனே.

1957ஆம் ஆண்டு கோடையில் இளைஞர்கள் பெக்மனிடம் முறையிட்டனர். அவர் முதலிற் செவிசாய்த்தாரெனினும், நோபல் பரிசாளரை ஒதுக்க ஈற்றில் மனங்கொள்ளவில்லை. செப்ரெம்பர் 18ஆம் திகதி எண்மர் பதவி விலகினர். நொயிஸ், மூர், ஹோர்ணி ஆகியோருடன் ஜே லாஸ்ற், யூஜின் கிளைனர், ஜூலியஸ் பிளாங்க், விக்ரர் கிறினிச், ஷெல்டன் றொபேட்ஸ் ஆகியோரே அவ்வெண்மர். “துரோகிகள் எண்மர்” என்னும் பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. இவர்களுள் நொயிஸ் கடைசியாகவே இணைந்தார் என்பது நோக்கத்தக்கது. ஷொக்லியின் நன்மதிப்பைப் பெற்றிருந்தவர் அவர். ஆதர் றொக் என்னும் நிதித்துறை இளைஞர் முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களை அணுகிக் கைவிரிக்கப்பட்ட பின்னர், பெயார்சைல்ட் கமெரா நிறுவனம் 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் முதலிட முன்வந்தது. உடன்படிக்கைப் பத்திரம் எதுவும் கைவசம் இல்லாத நிலையில், புத்தம் புதிய ஒரு டொலர் தாள்களில் அனைவரும் கையொப்பமிட்டுத் தம் உறுதியைப் பதிவுசெய்துகொண்டனர்.

இவ்விடத்தில் வரலாறு ஏறக்குறைய ஒரு விஞ்ஞானப் பரிசோதனையின் தன்மையைப் பெறுகின்றது. அதே மனிதர், அதே ஊர், அதே சிலிக்கன். மாறியது ஒன்றே: அவர்களுக்கு மேலிருந்த தலைவர் இப்போது இல்லை. அடுத்த ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்துக்கு நூறு திரான்சிற்றர்களை ஒவ்வொன்றும் 150 டொலராக விற்றனர். ஷொக்லியின் ஆய்வுகூடமோ இலாபம் எதனையும் காணாமலே 1960இற் கைமாறியது.

ஆயினும் பெயார்சைல்டின் பெருஞ்சாதனை அவ்விற்பனை அன்று. அவர்கள் செய்த திரான்சிற்றர்களில் ஒரு பெருங்குறை காணப்பட்டது. உலோகக் கூட்டினுள் அடைக்கப்பட்ட கருவியைப் பென்சிலின் நுனியிலுள்ள இறப்பராற் தட்டினால், சில கருவிகள் திடீரெனச் செயலிழந்தன. கூட்டினுள் உதிர்ந்து கிடந்த நுண்துகள்கள் திறந்திருந்த சந்தியிற் சென்று ஒட்டிக்கொண்டமையே காரணம். நம்பகமற்ற கருவியை இராணுவம் வாங்காது. நிறுவனத்தின் உயிரே ஊசலாடியது. இதற்கான மருந்து ஹோர்ணியின் குறிப்பேட்டில் 1957 திசெம்பரிலேயே எழுதப்பட்டிருந்தது. உற்பத்தியின்போது சிலிக்கனின்மேல் உருவாகும் ஒட்சைட்டுப் படையை அகற்றாது விட்டால், அதுவே சந்திகளைப் போர்வைபோல் மூடிக் காக்கும் என்பது அவர் எண்ணம். பெல் ஆய்வுகூடத்தின் வழக்கு இதற்கு நேர்மாறானது. அப்படை மாசுற்றது, கழுவி நீக்கப்படவேண்டியது என்பதே அன்றைய ஆசாரம். உண்மையைச் சொல்வதானால், பெயார்சைல்டிலும் அக்குறிப்பு ஓராண்டுக்கு மேல் உறங்கவே செய்தது. ஆனால் 1959இன் தொடக்கத்தில் ஹோர்ணி அதனை மீண்டும் கையிலெடுத்தபோது, எவரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் கூறுவது சரிதானா என்று எவரும் தொலைபேசியிற் பெல் ஆய்வுகூடத்தை வினவவுமில்லை. சக ஊழியரைக் கூட்டி, புதிய திரான்சிற்றரின்மேல் உமிழ்ந்து, அது அப்போதும் இயங்குவதைக் காட்டினார் என்பர். அத்தட்டைமுறையின் அடிப்படையிலேயே நொயிஸ் அதே ஆண்டு ஒருங்கிணைந்த சுற்றினை வகுத்தார். இன்றைய கணனிகள் யாவற்றினதும் மூலம் அதுவேயாகும்.

சமயப்போதகரின் மகனான நொயிஸ் தலைமைவகித்த அந்நிறுவனத்தில், உயரதிகாரிக்கென வாகனத் தரிப்பிடம் ஒதுக்கப்படவில்லை. முந்தி வந்தவர் முன்னே நிறுத்துவார். இதனைப் பற்றி எழுத்தாளர் ரொம் வுல்ஃப் 1983இல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி உண்டு. கிழக்குக் கரையிலிருந்த தாய்நிறுவனத்தின் தலைவர் ஒருநாள் கரிய நீண்ட காரில் வந்திறங்கினார். சீருடையணிந்த சாரதி ஏறக்குறைய எட்டு மணிநேரம் வேலையேதுமின்றி வாகனத்திலேயே காத்திருந்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காக நாள் முழுதும் சும்மா இருக்கவேண்டுமா என்று ஊழியர் வியந்து எட்டிப் பார்த்தனராம். ஈழத்து அலுவலகங்களிற் சாரதி காத்திருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இச்சமத்துவத்தை மிகைப்படுத்துதல் தகாது. அது பொறியியலாளரிடையே நிலவிய சமத்துவம். சில்லுகளைப் பொருத்தும் வேலையைப் பெயார்சைல்ட் 1963இல் ஹொங்கொங்குக்கும், 1965இல் நவஹோ என்னும் பழங்குடியினர் வாழும் ஷிப்றொக் என்னுமிடத்துக்கும் கொண்டுசென்றது. அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர்; பெரும்பாலோர் பெண்கள். சில்லின் கோலத்தையும் நவஹோப் பெண்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தையும் ஒப்பிட்டு நிறுவனம் ஓர் அழகிய பிரசுரமும் வெளியிட்டது. நெசவின் நுட்பம் புகழப்பட்டது. நெய்தவளின் கருத்து கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1975இல் ஆட்குறைப்பைத் தொடர்ந்து அமெரிக்க இந்திய இயக்கத்தினர் அத்தொழிற்சாலையை ஆயுதங்களுடன் கைப்பற்றினர். நிறுவனம் தொழிற்சாலையையே மூடிவிட்டது. “இது பிழை” என்று கூறும் உரிமை எந்த வாயிலோடு நின்றுவிடுகின்றது என்பதையும் கணக்கிலெடுத்தாலன்றி நிறுவனப் பண்பாடு பற்றிய பேச்சு நிறைவுபெறாது. முகாமைத்துவ நூல்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

தாய்நிறுவனம் ஈட்டிய இலாபத்தைத் தொலைவிலிருந்து அள்ளிக்கொண்டது. ஊழியருக்குப் பங்கு வழங்கவும் தயங்கியது. ஒருவர்பின் ஒருவராகப் பலர் வெளியேறினர். தலைமைப் பதவி தமக்கு அளிக்கப்படாத நிலையில் 1968இல் நொயிஸும் மூரும் விலகி இன்ரெல் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடன் சென்றவர் அன்ட்ரூ குறோவ். 1956ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபோது நாட்டைவிட்டுத் தப்பியோடிய இளைஞர் அவர். பெயார்சைல்டிற் கூட்டங்களுக்கு ஆட்கள் பிந்தி வந்ததையும், ஒருவரையொருவர் கடித்துக்கொண்டபோது நொயிஸ் தலையிடாது புன்னகைத்திருந்ததையும் அவர் மறக்கவில்லை. எவரும் எதனையும் பேசலாம் என்பது மட்டும் போதாது, பேச்சு ஒரு முடிவுக்கு வரவும் வேண்டும் என்பது அவருடைய கட்சி. இன்ரெலில் அனைவருக்கும் ஒரேவகைத் தடுப்பறைதான். ஆனால் 1971 முதல் காலை 8.05க்குப் பின் வருவோர் ஏட்டிற் கையொப்பமிடவும் வேண்டியிருந்தது. கடுமையாக வாதிட அங்கு ஊழியருக்குப் பயிற்சியே அளிக்கப்பட்டது. இவ்வாதம் சிலரைத் துன்புறுத்தியது என்பதும் மெய்யே.

இப்பண்பாட்டின் பயன் 1985இல் வெளிப்பட்டது. இன்ரெல் தோன்றியதே நினைவகச் சில்லு செய்வதற்காக. ஜப்பானிய நிறுவனங்கள் அவற்றைத் தரமாகவும் மலிவாகவும் செய்யத் தொடங்கவே, இன்ரெலின் சந்தை கரைந்தது. தம்மை நீக்கிப் புதியவர் ஒருவரை நியமித்தால் அவர் என்ன செய்வார் என்று குறோவ் மூரிடம் வினவினார். நினைவகத் தொழிலைக் கைவிடுவார் என்றார் மூர். அவ்வாறாயின் நாமே வாயிலைக் கடந்து வெளியே போய், மீண்டும் உள்ளே வந்து அதனைச் செய்தால் என்ன என்பது குறோவின் மறுவினா. இவ்வுரையாடல் பலராலும் எடுத்தாளப்படுகின்றது. அதனினும் சிறப்பான செய்தியொன்று குறோவின் நூலிலேயே உள்ளது. தலைவர்கள் தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, இடைநிலை ஊழியர்கள் இலாபக் கணக்கைப் பார்த்து, தொழிற்சாலையின் கொள்ளளவைச் சிறிது சிறிதாக நுண்செயலிகளுக்கு மாற்றிவிட்டிருந்தனர். மேலிடத்தின் பெருமைக்குரிய பொருளைக் கீழிருந்தவர்கள் ஓசையின்றிக் குறைத்தனர். எவரும் பொய்யறியும் கருவியின் முன் நிறுத்தப்படவில்லை. அம்மாற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். நிறுவனம் 1986இல் நட்டமடைந்து, பின்னர் உலகின் மிகப்பெரிய சில்லு நிறுவனமாயிற்று.

எனினும் வெற்றிபெற்ற நிறுவனத்தின் செவி மெல்ல மெல்ல அடைபடுவதும் உண்டு. 1994இல் வேர்ஜீனியாவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இன்ரெலின் பென்ரியம் சில்லு சில வகுத்தற் கணக்குகளிற் பிழைவிடுவதைக் கண்டறிந்தார். பிழையை இன்ரெலின் பொறியியலாளரும் அறிந்திருந்தனர். சாதாரணப் பாவனையாளருக்கு அதனாற் பாதிப்பில்லை என்று நிறுவனம் அமைதியாக இருந்துவிட்டது. செய்தி பரவியதும், தமக்கு அது பாதிப்பே என்று நிறுவுவோருக்கு மட்டும் மாற்றுச் சில்லு தரப்படும் என்றது. நிறுவனத்தினுள்ளே எவரும் எவரையும் பிழையென்று கூறலாம்; வெளியிலிருந்து ஒருவர் கூறினாலோ சான்று கேட்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, திசெம்பர் 20ஆம் திகதி கேட்போர் எல்லோருக்கும் மாற்றித்தர இன்ரெல் இணங்கியது. செலவு 47 கோடியே 50 இலட்சம் டொலர். திரும்பி வந்த சில்லுகள் சிலவற்றைக் குறோவ் திறப்புக் கோவைகளாகச் செய்வித்து ஊழியருக்கு வழங்கினார்.