கை படாத காசு

எங்கம்மா மயிலாப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல வீட்டு வேலை செய்யுது. நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுறேன். முன்னால எங்க குடிசை அடையாறு ஆத்தங்கரையில இருந்துச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாங்க. வேலை மட்டும் ஊருக்குள்ளயே நின்னு போச்சு. அதனால அம்மா விடியறதுக்கு முன்னால பஸ் ஏறும்.

காசு குடுக்கறதுலயும் வாங்கறதுலயும் எங்க ஜனங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அம்மா பொறந்தது மதுராந்தகம் பக்கத்துல ஒரு சேரி. சின்ன வயசுல கடைக்குப் போனா காசைப் பலகை மேல வெச்சிட்டுத் தள்ளி நிக்கணுமாம். கடைக்காரர் தண்ணி தெளிச்சு எடுப்பாராம். மிச்சச் சில்லறையை ஒசரத்துலருந்து கையில போடுவாராம். தவறி விழுந்தா மண்ணுல தேடிப் பொறுக்கணும். பட்டணத்துக்கு வந்தப்புறம் தண்ணி தெளிக்கறது போச்சு. தள்ளி நிக்கறது போகல. மயிலாப்பூர் வீட்டுல மாசச் சம்பளத்தைச் சமையல் மேடை மேல வெப்பாங்க. அம்மா எடுத்துக்கும். “கையில குடுத்தா இன்னாவாம்?”னு கேட்டா, “எங்க வெச்சா இன்னாடி, துட்டு துட்டுதான”ன்னு வாயை அடைச்சிடும்.

எங்க கடையில ஆரம்பத்துல கார்டு தேய்க்கிற மெஷின்தான் இருந்துச்சு. வாங்க வர்றவங்க கார்டை எங்கிட்ட குடுக்கணும். நான் தேய்ச்சுத் திருப்பிக் குடுக்கணும். அப்புறம் எங்கயோ அவங்க கணக்குல பணம் போச்சுன்னா, முதல் சந்தேகம் பில் போடுற பொண்ணு மேல. கார்டோட கறுப்புப் பட்டையில இருக்குற விவரத்தை நகல் எடுத்துக் கள்ளக் கார்டு செய்ய முடியும்கிறது உண்மைதான். ஆனா பழி சுமந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அந்த வித்தையே தெரியாதவங்க.

இப்ப வர்ற கார்டுல நாலு வளைஞ்ச கோடு போட்டிருக்கும். உள்ள ஒரு சிப்பும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்குது. கார்டுக்குன்னு பேட்டரி கிடையாது. மெஷின் விடுற அலையிலருந்தே அது மின்சாரம் எடுத்துக்குது. சில சென்டிமீட்டர் கிட்ட கொண்டுபோனாத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு பில்லுக்கு மட்டும் செல்லுற மாதிரி ஒரு ரகசியக் குறியீட்டை உண்டாக்குது. அதை ஒருத்தன் களவாடினாலும் அடுத்த பில்லுக்கு உதவாது. பீப்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடி கூட்டத்துல இது எத்தனை ஒத்தாசைன்னு எங்களைக் கேட்டாத் தெரியும். எனக்கு இன்னொரு நிம்மதியும் இருந்துச்சு. கார்டு அவங்க கையை விட்டு வரவே இல்ல. என்மேல பழி வராது. மெஷினுக்குச் சாதி தெரியாதுன்னு சந்தோஷப்பட்டேன்.

அதுக்கு ஆளும் தெரியாதுங்கறது 2023ல அம்மா தலையில வந்து விடிஞ்சப்பத்தான் எனக்கு உறைச்சுது.

2015ல 2,000 ரூபா வரைக்கும் பின் நம்பர் கேக்க வேண்டாம்னு ரிசர்வ் வங்கி அனுமதி குடுத்துச்சு. கொரோனா வந்து, எதையும் தொடாம இருக்கறதுதான் பத்திரம்னு ஆச்சு. வீட்டு வேலைக்குப் போறவங்களை அபார்ட்மெண்ட் வாசல்லயே நிறுத்துன காலம் அது. அந்தச் சமயத்துலதான் 2021 ஜனவரி 1 முதல் 2,000ங்கறது 5,000 ஆச்சு. அந்த அளவுக்குள்ள, கார்டு யாரு கையில இருக்குதோ அவங்கதான் மெஷினுக்கு மொதலாளி.

அம்மா வேலை செய்யுற வீட்டுல வயசான மாமி தனியா இருக்காங்க. மகன் வெளிநாட்டுல. மூட்டு வலியில படி எறங்க முடியல. கார்டை அம்மாகிட்ட குடுத்து மருந்தும் காயும் வாங்கியாரச் சொன்னாங்க. பின் நம்பர் சொல்ல வேண்டியதில்ல, அதனால பயமில்லன்னு மகன் போன்ல சொன்னாராம். அம்மாவுக்கு ஒரே பெருமை. “என்னிய நம்பி கார்டையே குடுத்துட்டாங்கடி. கையிலயே குடுத்தாங்க”ன்னு ராத்திரி சொல்லிச்சு.

மூணு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் மதியம் கடையில இருக்கறப்ப அம்மா போன் பண்ணிச்சு. அழுகையில பேச்சே வரல. கணக்குல 4,350 ரூபா கொறையுதாம். மகன் அங்கருந்து பார்த்துட்டு, வேலைக்காரியைக் கேளுன்னு சொல்லியிருக்காரு. மாமி அம்மாவோட பையைத் தரையில கொட்டச் சொல்லியிருக்காங்க. சோத்து டப்பா, வெத்தலை, ஒரு மாத்தப் பொடவை. அவ்வளவுதான் அதுல இருந்துச்சு.

நான் பர்மிஷன் போட்டுட்டு ஓடினேன்.

“மெசேஜைக் காட்டுங்க மாமி.”

“அதுல என்ன இருக்கு? கார்டு இவ கையிலதானே புழங்கறது?”

“எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கடைன்னு இருக்கும். காட்டுங்க.”

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6.40. அடையாறுல ஒரு செருப்புக் கடை. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு அந்த வீட்டுல வேலை கிடையாது. மாமி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. “அன்னிக்கு என் பொண்ணு பிள்ளை வந்திருந்தான். நான்தான் எடுத்துண்டு போடான்னேன். மறந்தே போயிட்டேன். சரி, தெரிஞ்சுடுத்தோல்லியோ, விடு.”

தப்புன்னு ஒரு வார்த்தை வரல. தரையில கெடந்த சாமானை அம்மாவே பையில எடுத்துப் போட்டுச்சு. அப்புறம் நிமுந்து சொல்லிச்சு: “இனிமே அந்தக் கார்டை நான் தொடமாட்டேன் மாமி. துட்டா குடுங்க, வாங்கியாறேன்.”

அந்த வார்த்தையை அவங்க வாயிலருந்துதான் நாங்க தலைமுறையா கேட்டிருக்கோம். அம்மா சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்.

வேலையை விடச் சொன்னேன். விடல. “நாலாயிரத்தி ஐந்நூறு சம்பளம், நீ குடுப்பியா?”ன்னு கேட்டுச்சு. எங்கிட்ட பதில் இல்ல.

யாருக்குப் பாதுகாப்புன்னு அப்புறம்தான் யோசிச்சேன். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு. வாடிக்கையாளர் பக்கமும் வங்கி பக்கமும் தப்பில்லாம வெளியாள் மோசடியில பணம் போனா, மூணு வேலை நாளுக்குள்ள தகவல் சொன்னவருக்கு ஒரு பைசா நட்டம் வராது. நல்ல உத்தரவு. ஆனா அது கார்டுல பேரு போட்டிருக்கவங்களுக்கு. அந்தக் கார்டைத் தூக்கிக்கினு கடைக்குப் போறவளோட பேரு எந்த உத்தரவுலயும் இல்ல. பணம் போனா வங்கி திருப்பிக் குடுக்கும். பேரு போனா யாரு திருப்பிக் குடுப்பா?

அம்மாவோட ஜன் தன் கணக்குக்குப் புது ரூபே கார்டு வந்தப்ப அதுலயும் அந்த நாலு கோடு. “பின் கேக்காம அஞ்சாயிரம் வரைக்கும் போவும்”னு சொன்னேன். அம்மா பயந்துடுச்சு. “அஞ்சாயிரமா? அது ஒரு வூட்டு மாச சம்பளத்துக்கு மேலடி!” சட்டத்துக்கு அது சின்னத் தொகை. யாரு வீட்டு அளவுகோல்ல அளந்தாங்கன்னு தெரிஞ்சு போச்சு.

தோழர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்றேன். இந்த வசதி வேண்டாம்னு நான் சொல்லல. 2020 அக்டோபர் முதல் அமலான விதிப்படி, நாம கேட்டாத்தான் புதுக் கார்டுல இந்த வசதியைத் திறக்கணும். வேண்டாம்னா மூடலாம், அளவைக் கொறைக்கலாம். அம்மா கார்டுக்கு ஐந்நூறு ரூபான்னு வெச்சிருக்கேன். காணாமப் போனா உடனே வங்கிக்குச் சொல்லி நிறுத்தணும். மோசடின்னா 1930க்கும் சொல்லணும். உங்க வீட்டு அம்மாமாருங்ககிட்ட யாராவது கார்டைக் குடுத்து அனுப்பினா வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. வாங்கித்தான் ஆகணும்னா ஒவ்வொரு பில்லையும் தேதியோட வெச்சிக்கச் சொல்லுங்க.

போன மாசம் அம்மாவோட மருந்துக் கடைக்குப் போனேன். 280 ரூபா. அம்மாவே கார்டைக் காட்டிச்சு. பீப். கடைக்காரப் பையன், “சரிம்மா, ஆயிடுச்சு”ன்னான். அம்மா நகரல. “சீட்டு குடுப்பா”ன்னுச்சு. வாங்கி நாலா மடிச்சுச் சுருக்குப் பையில வெச்சுது. வீட்டுல ஒரு பிஸ்கட் டப்பா நெறைய இந்தச் சீட்டுங்கதான்.

“உன் துட்டு, உன் கார்டு. இது எதுக்கும்மா?”ன்னு கேட்டேன்.

“நாளைக்கு யாராச்சும் கேட்டா?”ன்னுச்சு.