ஓரத்தில் வந்த தண்ணீர்

2021 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. முந்தைய இரவு பிடித்த மழை நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. 2015-க்குப் பிறகு அதுவரை சென்னை அப்படியொரு மழையைப் பார்த்திருக்கவில்லை. அந்த மழையோடு மழையாக, செங்குன்றம் அரிசி மண்டியிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் சுற்றி ஒரு முக்கால் டன் லோடு வண்டி நாவலூர் வந்து சேர்ந்தது. ‘குட்டி யானை’ என்று ஊர் கூப்பிடும் வண்டி. உள்ளே 25 கிலோ அரிசி மூட்டைகள் 28. மேலே, மூன்று வாரம் முன்பு 16,000 ரூபாய்க்குக் கம்பிக் கூண்டோடு பொருத்திய புதுத் தார்ப்பாய். வீட்டு வாசலில் நிறுத்தி அவிழ்த்துப் பார்த்தபோது 16 மூட்டைகள் நனைந்திருந்தன.

பத்து நாள் கழித்து வண்டிக்காரர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கொரோனாவுக்குப் பின் மெல்லத் திறந்துகொண்டிருந்த விடுதிகளுக்கும் மெஸ்களுக்கும் அரிசி போடுவதுதான் பிழைப்பு. வண்டியை அவரே ஓட்டுவார். மூட்டை இறக்கத் தம்பி கூட வருவார்.

“துணி கெட்டியாத்தான் சார் இருக்கு. எப்படி ஒழுகுச்சுன்னுதான் தெரியல. கடையில கேட்டா பில்லைக் காட்டுறாங்க.”

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சாகியிருந்தது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அந்த வரி நிற்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை, பிரிவு 2(47) முறையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு.

கடைக்கு அனுப்பிய முதல் அறிவிப்பில் நான் ஒரு தவறு செய்தேன். துணி தரமற்றது, அதனால் ஒழுகியது என்று எழுதிவிட்டேன். கடைக்காரரின் பதிலோடு உற்பத்தியாளரின் சோதனைச் சான்று வந்தது. சதுர மீட்டருக்கு 650 கிராம் எடையுள்ள பிவிசி பூச்சுத் துணி, நீர் புகாது. சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் துணி தேறியிருக்கும், என் கட்சிக்காரர் தோற்றிருப்பார். மனு போடும் முன் வண்டியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு மாலை நாவலூர் போனேன்.

அங்கே அவர் தன் கைபேசியில் அந்த விடியற்காலை எடுத்த படங்களைக் காட்டினார். நாலு படம். மூன்றாவது படத்தில் என் கண் நின்றது. ஓரத்து மூட்டைகளும் அடி வரிசையும் நனைந்து கறுத்திருந்தன. மேல் வரிசையின் நடு மூட்டைகள், அதாவது துணிக்கு நேர் கீழே இருந்தவை, காய்ந்த வெள்ளையாகவே இருந்தன. துணி ஒழுகியிருந்தால் முதலில் நனைந்திருக்க வேண்டியவை அவைதான்.

“தம்பி, ஒரு குடம் தண்ணி கொண்டு வாங்க” என்றேன்.

கூண்டின் மேல் ஊற்றினோம். தண்ணீர் துணியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கி, பாடியின் பக்கத் தகட்டுக்கு வெளியே போகாமல் உள்ளே போயிற்று. தார்ப்பாயின் ஓரத்தைத் தகட்டுக்கு உட்புறமாகச் செருகிக் கட்டியிருந்தார்கள். பார்வைக்கு அது மிக நேர்த்தி. வெளியே ஒரு தொங்கல் இல்லை, காற்றில் படபடப்பு இல்லை. ஆனால் கூரையில் விழுந்த மழை முழுவதையும் அந்த நேர்த்தியே தொட்டிக்குள் இறக்கிவிட்டது. ஓடு வேய்ந்த வீட்டில் தாழ்வாரத்தின் ஓடு சுவரைத் தாண்டி நீண்டிருப்பது எதற்காகவோ, அந்தக் காரியத்தை இங்கே யாரும் செய்யவில்லை.

தாம்பரம் பக்கம் நாற்பது வருடமாகப் படுதா தைக்கும் பெரியவர் ஒருவரிடம் விவரம் கேட்கப் போனேன். வழக்குக்காகப் போன நான் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினேன். எடை குறைந்த நீலப் பாய் ஒரு மழைக்காலம் தாங்கும். அடிக்கடி மழையில் ஓடும் வண்டிக்குப் பூச்சுத் துணிதான் சரி. தையல் போட்டால் ஊசி போன துளையெல்லாம் தண்ணீருக்கு வாசல். ஆகவே மூட்டுகளைச் சூடுவைத்து ஒட்ட வேண்டும். கூண்டின் குழாய்கள் வில்லாக வளைந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் துணி நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே பத்து கிலோ. ஏழடிக்கு ஐந்தடித் தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர் நின்றால் ஒன்றரை குவிண்டாலைத் தாண்டிவிடும். எந்தத் துணியும் எந்த வளையமும் அதைத் தாங்காது. பாடியில் துளை போடாமல் பிடிப்பான் வைத்து இறுக்குவது நல்லது, துளையில்தான் துரு பிடிக்கும். கடைசியாக அவர் சொன்னது இது: “ஓரம் எப்பவும் வெளியே நாலு விரக்கடை தொங்கணும் சார். பின்பக்கத் துணி பக்கத் துணிக்கு மேல வந்து மூடணும். தண்ணிக்கு வழி காட்டி விடணும், அடைச்சு வைக்கக் கூடாது.”

பெரிய பிக்கப் வண்டிகளுக்கு வரும் மடக்கு மூடிகளையும், சுருள் மூடிகளையும் பிறகு பார்த்தேன். சுருள் மூடிகளின் பக்கச் சட்டத்திலேயே வாய்க்கால் வெட்டி, அதிலிருந்து வடிகால் குழாய் வைத்து, தண்ணீரை வண்டிக்கு அடியில் விடுகிறார்கள். தண்ணீர் ஓரத்தில்தான் வரும் என்பது எல்லா ஊர்ப் பட்டறைக்கும் தெரிந்த பாடம்.

மனுவின் முதுகெலும்பை மாற்றினேன். சட்டத்தில் பொருளின் குறைக்குப் பிரிவு 2(10), சேவையின் குறைபாட்டுக்குப் பிரிவு 2(11). துணியில் குறை இல்லை, பொருத்தியதில் குறைபாடு என்று எழுதினேன். நாவலூர் செங்கல்பட்டு மாவட்டம். கடை எங்கே இருந்தாலும், முறையீடு செய்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு பதிவானது.

எதிருரையில் நான்கு வாதங்கள் வந்தன.

முதலாவது, வண்டி வியாபாரத்துக்கு ஓடுகிறது, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்பது. சிறு தொழில் செய்பவர்களின் வழக்குகள் பாதிக்குப் பாதி இந்த இடத்தில்தான் தடுக்கி விழும். இதற்கு விடை நம் கோயம்புத்தூர் தொடர்புடைய ஒரு வழக்கில் இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், உச்ச நீதிமன்றம், 1995. பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரியோ ஆட்டோவோ வாங்குபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. ‘சுயதொழிலாக, வாழ்வாதாரத்துக்காக’ என்ற சொற்களை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். அவை மனுவில் இல்லாவிட்டால் பிறகு வாதத்தில் சேர்க்க முடியாது.

இரண்டாவது, ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் கூண்டு வைத்தது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு விரோதம் என்பது. உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உறுதியாகச் சொல்லியிருப்பது உண்மை. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால் வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவு ‘மாற்றம்’ என்கிறது. எங்கள் கூண்டு போல்ட் போட்டு இறுக்கியது, அரை மணியில் கழற்றக்கூடியது. அடிச்சட்டத்தோடு பற்றவைத்திருந்தால் என் பாடு சிரமம்தான். சுமை 700 கிலோ. எடைச் சீட்டும் கையில் இருந்தது. ஒரு மூட்டை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலும் வழக்கின் முகமே மாறியிருக்கும்.

மூன்றாவது, அது வரலாறு காணாத மழை, கடவுள் செயல் என்பது. நாலாவது, அறிவிப்பில் துணி என்றார்கள், மனுவில் பொருத்தியது என்கிறார்கள், முன்னுக்குப் பின் முரண் என்பது. இந்த நாலாவது வாதம் என் தவறுக்கு விழுந்த அடி. அதை மறைக்காமல், வண்டியை நேரில் பார்க்காமல் அறிவிப்பு அனுப்பிவிட்டேன் என்று ஆணையத்தின் முன் சொன்னேன். வண்டியை ஆய்வு செய்ய வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு மனு கொடுத்தேன். அனுமதி கிடைத்தது.

ஆய்வு நாளன்று இரு தரப்பும் நாவலூரில் கூடினோம். தொட்டி முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்து, மேலே இருபது குடம் தண்ணீர் ஊற்றினோம். பத்து நிமிடம் கழித்துத் துணியை விலக்கினார் ஆணையர். இரண்டு பக்க ஓரங்களிலும் தாள் ஊறிக் கிழிந்திருந்தது. நடுவில் தாள் மொடமொடவென்று இருந்தது. பிறகு படுதாப் பெரியவர் ஓரத்தை வெளியே எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். அதே இருபது குடம். இந்த முறை உள்ளே ஒரு சொட்டு இல்லை. கடைத் தரப்பு வழக்கறிஞர் குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

கடவுள் செயல் என்ற வாதத்துக்கும் அந்த மூன்றாவது படமே பதிலாயிற்று. அத்தனை மழையிலும் நடு மூட்டைகள் நனையவில்லை. மழையைத் துணி வென்றது, ஓரம் தோற்றது. அந்த மழைக்குள்தான் வண்டி வந்தது என்பதற்கு நாவலூர் சுங்கச்சாவடிச் சீட்டில் நேரம் இருந்தது. அந்தச் சாவடியில் 2023 அக்டோபரில் வசூல் நின்றுவிட்டது. அந்தச் சிறு காகிதத்தைக் கசக்கி எறியாமல் என் கட்சிக்காரர் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

சேவைக் குறைபாடு நிரூபணமானது என்று தீர்ப்பு வந்தது. நனைந்த 16 மூட்டைக்கு 19,200 ரூபாய், கூண்டைச் சரிசெய்ய 4,500, மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவு 5,000. ஆறு வாரத்தில் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்லலாம். மாதத் தவணையில் ஓடும் வண்டிக்காரருக்கு 16 மூட்டை அரிசி என்பது ஒரு மாதத்து மிச்சம். ‘பில்லைப் பார், போ’ என்று சொன்ன இடத்தில் தன் பேச்சு எடுபட்டது என்பது அதைவிடப் பெரிது.

இந்த வழக்குக்குப் பிறகு, மழை நாளில் ராஜீவ் காந்தி சாலையில் எந்த லோடு வண்டி முன்னால் போனாலும் என் கண் அதன் ஓரத்துக்குப் போகிறது. உள்ளே செருகிக் கட்டியிருந்தால் சிக்னலில் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிடுவேன்.

போன ஆண்டு அவர் இன்னொரு வண்டி வாங்கி, அதற்கும் தார்ப்பாய் போட்டார். வேறு கடை. வழியில் அலுவலகத்துக்கு வந்து பில்லை நீட்டினார். துணியின் எடை, விலை, பொருத்தும் கூலி எல்லாம் அச்சில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, கடைக்காரரின் கையெழுத்துக்கு மேலே, நீல மையில் ஒரு வரி எழுதியிருந்தது: ‘ஓரம் தகட்டுக்கு வெளியே நாலு அங்குலம் தொங்கும்படி கட்டித் தரப்படும்.’

“நான்தான் சார் எழுதச் சொன்னேன்” என்றார்.